உப்புத் தண்ணியும் பொய் ஆர்சனிக்கும்
ஆய்வக அறிக்கையை வாசிக்க ஒரு பாடம்

போன வருசம் தை மாதக் கடைசியில் என் கிணற்றுத் தண்ணீருக்கு ஓர் ஆய்வக அறிக்கை வந்தது. அதில் 'ஆர்சனிக் – லிட்டருக்கு 13 மைக்ரோகிராம்' என்று போட்டு, பக்கத்திலேயே 'அளவுக்கு மேல்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் ஆர்சனிக்குக்கு உள்ள வரம்பு 10. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 10தான்.

சென்னிமலைப் பக்கம், நொய்யலுக்குத் தெற்கே எனக்கு 5 ஏக்கர் பூமி. அதில் 2 ஏக்கர் தென்னை, மீதி கொறங்காடு. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று அப்பா காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறேன். காங்கேயம் மாடு நாலு உருப்படி. மரச்செக்கு எண்ணெயும் பாலும்தான் வருமானம். திருப்பூரில் 14 வீட்டுக்காரர்கள் பால் வாங்குகிறார்கள். பாதி வீடுகளில் கைக்குழந்தை. நாங்கள் குடிப்பது குழாய்த் தண்ணி. மாடு குடிப்பது கிணற்றுத் தண்ணி.

எங்கள் குழுவில் எல்லோரும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் அனுப்பினோம். அறிக்கை வந்த அன்று சாயங்காலமே பால் ஊற்றுவதை நிறுத்தினேன். 14 வீட்டுக்கும் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். ஒளித்து வைத்து ஊற்ற மனசு வரவில்லை. ராத்திரி வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, அப்ப மாட்டையெல்லாம் வித்துருலாங்கறீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை.

வித்துவிடவில்லை. அதற்குக் காரணமான பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் இனிமேல் கன உலோக அறிக்கை வாங்க வேண்டி வரும். ஏற்றுமதிக்காரர் கேட்பார், சான்றளிப்புக்காரர் கேட்பார், நம்மிடம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் கேட்பார்கள். அந்தத் தாளில் உள்ள எண் எப்படிப் பிறக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

13 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு?

மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆர்சனிக்கைக் கரைத்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இதைத்தான் 1 பி.பி.பி. என்கிறார்கள். என் அறிக்கைப்படி ஒரு தொட்டித் தண்ணீரில் 13 மில்லிகிராம். மிகச் சின்ன அளவுதான். ஆனாலும் வருசக்கணக்கில் குடித்தால் இது தோலையும் உறுப்புகளையும் கெடுக்கிற நஞ்சு. வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் இந்த ஆர்சனிக்கால் பட்ட பாடு நாம் கேள்விப்பட்டதுதான்.

இவ்வளவு சின்ன அளவைப் பார்க்கிற கருவிக்கு ஐ.சி.பி.எம்.எஸ். என்று பெயர். தமிழில் சொன்னால் பிளாஸ்மா நிறைமானி. 1980-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஹௌக், ஃபாசெல் ஆகியோரும், இங்கிலாந்தின் ஆலன் கிரேயும் சேர்ந்து இந்த முறையை வெளியிட்டார்கள். 1983-இல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு உணவு, தண்ணீர், மண் எல்லாவற்றிலும் உலோகம் பார்க்க பெரிய ஆய்வகங்கள் நம்புவது இதைத்தான்.

கருவி என்ன செய்கிறது?

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வேதியியல் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இந்தக் கருவியில்தான் வேலை பார்க்கிறாள். அறிக்கையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். வாங்கிப் பார்த்தவள் ஆர்சனிக் வரியைப் பார்க்கவே இல்லை. நேராக அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"மாமா, உங்க தண்ணியில குளோரைடு 1,700 இருக்குதுங்க. இதப் பாக்காம ஆர்சனிக்கப் பத்திப் பேசக் கூடாதுங்க."

"உப்புத் தண்ணின்னு தெரியும் அம்மிணி. அதுக்கும் ஆர்சனிக்குக்கும் என்ன சம்பந்தம்?"

உட்கார வைத்து விளக்கினாள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஆர்கான் என்று ஒரு வாயு. அதை ஒரு கண்ணாடிக் குழலில் ஓடவிட்டு, சுற்றிலும் செம்புச் சுருளில் ரேடியோ அலையைக் கொடுத்தால் அது 6,000 முதல் 10,000 டிகிரி வரை சூடாகித் தழல் மாதிரி எரிகிறது. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். அந்தத் தழலுக்குள் நம் தண்ணீரைப் பனி போல் தெளிக்கிறார்கள். உள்ளே போனதெல்லாம் அணு அணுவாக உடைந்து, ஒவ்வொரு அணுவும் ஒரு மின்னூட்டம் பெறுகிறது. பிறகு ஊசித் துளை உள்ள இரண்டு உலோகக் கூம்புகள் வழியாக அவற்றை வெற்றிடத்துக்குள் இழுத்து, நாலு கம்பிகளுக்கு நடுவே ஓடவிட்டு, எடை வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கருவிக்கு ஆர்சனிக் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை மட்டும்தான். ஆர்சனிக் அணுவின் எடை 75. ஆகவே 75 என்று எது வந்தாலும் ஆர்சனிக் கணக்கில் எழுதிவிடும்.

வே பிரிட்ஜை நினைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு முள்ளை மட்டும் பார்க்கிற ஆளிடம் 75 கிலோ ஆள் ஒருத்தர் ஏறினாலும் 75தான். 40 கிலோவும் 35 கிலோவும் உள்ள இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு ஏறினாலும் 75தான். ஆர்கானின் எடை 40. குளோரினின் எடை 35. தழலில் இருந்து வெளியே வரும் வழியில் இவை இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. உப்பு என்பது சோடியமும் குளோரினும். தண்ணீரில் உப்பு கூடினால் இந்தப் போலி 75-உம் கூடும். இதைத்தான் 'குறுக்கீடு' என்கிறார்கள்.

சில உலோகங்களுக்கு வேறு எடையிலும் அணுக்கள் உண்டு. ஓர் எடையில் போலி வந்தால் இன்னோர் எடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இயற்கையில் கிடைக்கும் ஆர்சனிக்குக்கு 75 என்ற ஒரே எடைதான். தப்பிக்க வழியில்லை.

போலிகள் இன்னும் யார் யார்?

ஆர்சனிக்கோடு இது நிற்பதில்லை. நம் உழவர்கள் அடிக்கடி அறிக்கையில் பார்க்கிற உலோகங்களுக்குச் சொல்கிறேன்.

குரோமியம், 52: ஆர்கானும் (40) கார்பனும் (12) சேர்ந்தால் 52. குளோரின் (35), ஆக்சிஜன் (16), ஹைட்ரஜன் (1) மூன்றும் சேர்ந்தாலும் 52. கார்பன் எதில் இருக்கும்? இலை, மஞ்சள், தேங்காய், மக்கிய எரு எல்லாவற்றிலும் இருக்கும். சரியாகச் செரிக்காமல் கருவிக்குள் விட்டால் குரோமியம் கூடுதலாகத் தெரியும்.

செம்பு, 63: ஆர்கானும் (40) சோடியமும் (23). உப்புத் தண்ணீரில் இது வரும். செம்புக்கு 65 எடையிலும் அணு இருப்பதால் அதில் சரிபார்க்கலாம்.

இரும்பு, 56: ஆர்கானும் (40) ஆக்சிஜனும் (16). சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் (40) ஆக்சிஜனும் சேர்ந்தும் 56 வரும்.

காட்மியம், 114: இதே எடையில் தகரத்துக்கும் அணு உண்டு. 111-க்குப் போனால் மாலிப்டினமும் (95) ஆக்சிஜனும் சேர்ந்து 111 ஆகும்.

இன்னொரு வகைப் போலியும் உண்டு. கருவி உண்மையில் பார்ப்பது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்ணை. 150 எடையுள்ள நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமம் இரண்டு மின்னூட்டம் பெற்றுவிட்டால் 150-ஐ 2-ஆல் வகுத்து 75 என்று தெரியும். மண்ணைப் பரிசோதிக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஈயத்துக்கு இந்த மாதிரி ஆர்கான் போலிகள் பெரிதாகக் கிடையாது. அதன் எடை 206, 207, 208 என்று மேலே இருக்கிறது. ஆகவே அறிக்கையில் ஈயம் கூடுதலாக வந்தால் 'குறுக்கீடாக இருக்கும்' என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் ஆகணும்.

குறைத்துக் காட்டும் குறுக்கீடு

போலி கூட்டித்தான் காட்டும் என்று நினைக்காதீர்கள். இதன் எதிர்ப்பக்கம்தான் இன்னும் ஆபத்து. கரைந்த உப்பு அதிகமானால் கூம்பின் ஊசித் துளையில் உப்பு படிகிறது. தழலில் அணுக்கள் மின்னூட்டம் பெறுவதும் மாறுகிறது. உள்ளே போக வேண்டிய உலோக அணுக்களில் ஒரு பகுதி போய்ச் சேராது. அப்போது உண்மையில் 10 இருந்தால் 7 என்று காட்டும். 'பாஸ்' என்று தாள் வந்துவிடும். நாமும் சந்தோசமாகப் பெட்டியில் வைத்துக்கொள்வோம்.

இதற்கு இரண்டு வைத்தியம். ஒன்று, தண்ணீரைச் சுத்தமான நீரால் நெகிழ்த்துவது. கரைந்த திடப்பொருள் 0.2 சதவீதத்துக்கு, அதாவது லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என் தண்ணீரில் 3,900. இரண்டு பங்காவது நெகிழ்த்த வேண்டும். இன்னொன்று, 'உள் தரம்' என்கிற முறை. நம் மாதிரியில் இல்லாத ரோடியம், இண்டியம் போன்ற ஓர் உலோகத்தை அளந்து எல்லா மாதிரியிலும் கலந்து அனுப்புகிறார்கள். நோம்பிக் கூட்டத்துக்குள் நம் ஆள் 100 பேரை அனுப்பி, அந்தப் பக்கம் 70 பேர்தான் வந்தால் கூட்டம் 30 பேரை நிறுத்திவிட்டது என்று தெரியுமல்லவா? அதே விகிதத்தில் மற்றவர்களின் கணக்கையும் திருத்திக்கொள்வது.

போலியை விரட்டும் வழிகள்

முதல் வழி, கணக்குப் போட்டுக் கழிப்பது. இயற்கையில் குளோரின் நாலில் மூன்று பங்கு 35 எடை, ஒரு பங்கு 37 எடை. ஆர்கான் 37 குளோரினோடு சேர்ந்தால் 77. ஆகவே 77-இல் எத்தனை வருகிறது என்று எண்ணி, அதை 3.127-ஆல் பெருக்கினால் 75-இல் எத்தனை போலி என்று தெரியும். எடுத்துக்காட்டாக, 75-இல் 4,000 எண்ணிக்கையும் 77-இல் 1,000 எண்ணிக்கையும் வந்தால், போலி 3,127. மீதி 873தான் ஆர்சனிக். ஆனால் 77-இல் செலினியமும் வந்து உட்காரும், அதையும் 82-இல் பார்த்துக் கழிக்க வேண்டும். போலி மலையாகவும் உண்மை மடுவாகவும் இருந்தால் இந்தக் கழித்தல் நம்பகமாக இருக்காது. பெரிய எண்ணில் வரும் சின்னப் பிசகே விடையைப் புரட்டிவிடும்.

இரண்டாவது வழி, ஹீலியம். இப்போதைய கருவிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். எடை பிரிக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு சின்ன அறை வைத்து அதில் ஹீலியம் வாயுவை நிரப்புகிறார்கள். ஆர்சனிக் ஒற்றை அணு. போலி என்பது இரண்டு அணு ஒட்டியது, அதனால் உடம்பு அகலம். நெருக்கமான தென்னந்தோப்புக்குள் தனி ஆள் ஓடுவதும், இரண்டு பேர் தோளில் கைபோட்டு ஓடுவதும் ஒன்றா? அகலமானவர்கள் மரத்துக்கு மரம் இடித்துக் களைத்துப் போவார்கள். அறையின் கடைசியில் ஒரு வரப்பு மாதிரி மின் தடுப்பு இருக்கிறது. தெம்பு மிச்சம் இருக்கிற ஆர்சனிக் தாண்டிவிடும். களைத்த போலி தாண்ட முடியாமல் நின்றுவிடும். கார்பன், சோடியம் சேர்ந்த போலிகளுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் இரட்டை மின்னூட்டம் பெற்ற அரிய மண் தனிமங்களை ஹீலியம் நன்றாகத் தடுக்காது.

மூன்றாவது வழி, ஆக்சிஜன். முதலில் 75 எடையை மட்டும் உள்ளே விட்டு, அறையில் ஆக்சிஜனைக் கொடுக்கிறார்கள். ஆர்சனிக் ஓர் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு 91 ஆகிவிடும். போலிகள் அப்படித் தூக்காது. பிறகு 91-இல் எண்ணினால் போலி இல்லாத கணக்கு. இதற்கு எடை பிரிக்கும் பகுதி இரண்டு தடவை உள்ள விலை கூடிய கருவி வேண்டும்.

நாலாவது வழி பழைய வழி. ஆர்சனிக்கை ஹைட்ரைடு என்னும் வாயுவாக மாற்றி, உப்பைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, அந்த வாயுவை மட்டும் அணு உட்கவர் கருவியில் அளப்பது. ஆர்சனிக் ஒன்றை மட்டும் பார்ப்பதற்கு இது இன்றைக்கும் நல்ல சாட்சி.

என் தண்ணீருக்கு நடந்தது

"மறுபடி தண்ணி கொண்டாங்க மாமா. ஆனா நான் சொல்ற மாதிரி புடிச்சுக் கொண்டாரோணும்" என்றாள்.

முதல் தடவை நான் எப்படிப் பிடித்தேன் என்று கேட்டாள். கிணற்றில் துத்தநாகத் தகர வாளியை விட்டு மொண்டு, பாட்டிலில் ஊற்றினேன் என்றேன். சிரித்தாள். அந்த அறிக்கையில் துத்தநாகம் 640 இருந்தது. இது கருவியின் குறுக்கீடு இல்லை, என் கைவேலை.

இரண்டாம் தடவை மோட்டாரைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, அவள் கொடுத்த அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் நேராகப் பிடித்தேன். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்த்தார்கள்.

அவள் செய்த சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் ஹீலியம் இல்லாமல் என் தண்ணீர்: ஆர்சனிக் 12. பழைய அறிக்கையை ஒட்டித்தான் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்து, ஆர்சனிக் துளியும் இல்லாத மிகத் தூய நீரில், சுத்தமான உப்பை லிட்டருக்கு 2.8 கிராம் வீதம் கரைத்தாள். அதில் குளோரைடு சரியாக என் கிணற்றில் உள்ளது போல 1,700 வரும். அதையும் ஹீலியம் இல்லாமல் ஓட்டினாள். கருவி 'ஆர்சனிக் 11' என்றது. வெறும் உப்புத் தண்ணி! அந்த நிமிசம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிறகு ஹீலியம் கொடுத்து இரண்டையும் ஓட்டினாள். வெறும் உப்புத் தண்ணீரில் 0.3-க்கும் கீழே. என் கிணற்றுத் தண்ணீரில் 0.9.

"இது கொறச்சுக் காட்டலைன்னு எப்படி நம்பறது அம்மிணி?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றாள். என் தண்ணீரில் 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்கை அளந்து சேர்த்து மறுபடி ஓட்டினாள். 10.6 வந்தது. 10.6-இல் 0.9-ஐக் கழித்தால் 9.7. சேர்த்ததில் 97 சதவீதம் திரும்பி வந்தது. ஆக, கருவி எதையும் விழுங்கவில்லை. ஹைட்ரைடு முறையிலும் பார்த்தார்கள். அதிலும் 1-க்குக் கீழே.

இங்கே ஒரு நுணுக்கம். சேர்த்துத் திரும்ப எடுக்கும் சோதனை மட்டும் போதாது. ஹீலியம் இல்லாமல் அதே சோதனையைச் செய்தாலும் 12, சேர்த்த பிறகு 22 என்று வந்து, 100 சதவீதம் சரி என்று காட்டியிருக்கும். போலி இரண்டிலும் இருப்பதால் கழித்தலில் மறைந்துவிடும். குறைத்துக் காட்டுகிறதா என்று கண்டுபிடிக்கச் சேர்த்துப் பார்க்கும் சோதனை. கூட்டிக் காட்டுகிறதா என்று கண்டுபிடிக்க வெறும் உப்புத் தண்ணீர்ச் சோதனை. இரண்டும் வேண்டும்.

மற்ற உலோகங்கள்: குரோமியம் 21 இருந்தது 6 ஆனது. செம்பு 24 இருந்தது 11 ஆனது. துத்தநாகம் 640 இருந்தது 40 ஆனது. ஈயம் இரண்டிலும் 2. ஆனால் நிக்கல் 18 இருந்தது 16-க்குத்தான் இறங்கியது. குடிநீர் வரம்பு 20. "இது போலி இல்லீங்க மாமா. வரம்புக்குள்ளதான் இருக்குது. வருசத்துக்கு ஒருக்கா பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஆய்வகத்தைத் திட்ட நான் இதை எழுதவில்லை. ஒரே நாளில் நூறு தண்ணீர் வருகிற இடத்தில், நல்ல தண்ணீருக்கு ஓட்டுகிற முறையிலேயே என் உப்புத் தண்ணீரையும் ஓட்டியிருக்கிறார்கள். உப்புத் தண்ணி என்று நானும் சொல்லவில்லை. கேட்கவும் தெரியவில்லை.

உப்பு எங்கிருந்து வந்தது?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. கழிவு நீரோடு ஆற்றுக்கு வந்தது. பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அணைக்குக் கீழே கிணறுகள் கெட்டன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வருசக்கணக்காக வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களே பிறகு ஓட்ட முடிந்தது. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் போய்விடாது.

ஆகவே அறிக்கை சொன்னது பாதிப் பொய், பாதி நிசம். ஆர்சனிக் பொய். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்த உப்பு நிசம். ஆர்சனிக் இல்லை என்றதும் சந்தோசப்பட்டு நான் படுத்துவிட்டால் மண் செத்துப்போகும். இப்போது மாட்டுக் கொட்டகைக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து, மாட்டுக்கு முடிந்தவரை அதையே கொடுக்கிறேன். மேட்டுக் காட்டில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டி, ஓடி வரும் மழைத்தண்ணியைக் கிணற்றுப் பக்கம் இறங்க விட்டிருக்கிறேன். தென்னைக்கு நடுவே தக்கைப்பூண்டு விதைத்து மடக்குகிறேன். அடியில் மூடாக்கு. உப்பு மேலே ஏறுவது குறைகிறது.

பரிசோதனைக்கு அனுப்பும் முன் நம் வேலை

1. தண்ணீரைத் தகர வாளி, பித்தளைச் சொம்பு எதிலும் மொள்ள வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிசம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் புட்டியில் நேராகப் பிடியுங்கள்.

2. முதலில் குளோரைடும் மொத்தக் கரைந்த உப்பும் பார்க்கச் சொல்லுங்கள். புட்டியிலேயே 'உப்புத் தண்ணீர்' என்று எழுதுங்கள்.

3. மண்ணைத் துருப்பிடித்த மண்வெட்டியில் அள்ளாமல், மேலே ஒட்டியதை மூங்கில் சில்லால் வழித்துவிட்டு நடுவில் இருப்பதை எடுங்கள். நிழலில் காய வையுங்கள்.

4. மஞ்சள், மிளகாய், இலை எதையும் மிக்சியில் அரைத்து அனுப்பாதீர்கள். கத்தியின் எஃகில் இருந்து குரோமியமும் நிக்கலும் வரும். முழுதாகவே அனுப்புங்கள்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

1. ஆர்சனிக்கை ஹீலியம் முறையில் பார்த்தீர்களா, இல்லாமல் பார்த்தீர்களா?

2. எத்தனை மடங்கு நெகிழ்த்தினீர்கள்? உள் தரம் எவ்வளவு திரும்பி வந்தது?

3. செரிக்க எந்த அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்திருந்தால் அதிலேயே குளோரின் இருக்கிறது. பொருள் உணவு என்றால் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போதுமா என்று கேளுங்கள்.

4. மாதிரி இல்லாத வெறும் அமிலத்தை ஓட்டியதில் எவ்வளவு வந்தது?

5. அளவு சேர்த்துப் பார்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பியது? 80-இல் இருந்து 120-க்குள் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள்.

6. உங்கள் என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தில் இந்த உலோகமும் இந்தப் பொருளும் சேர்ந்து இருக்கிறதா? தண்ணீருக்கு வாங்கிய அங்கீகாரம் மஞ்சளுக்கு ஆகாது.

இதைக் கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல ஆய்வகத்துக்காரர் சந்தோசமாகச் சொல்வார். எண் பாதகமாக வந்தால் மட்டும் கேட்காதீர்கள். சாதகமாக வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நமக்குப் பிடித்த விடையை மட்டும் நம்புவது, சாப்பிடுகிறவர்களுக்கு நாம் செய்யும் துரோகம்.

இரண்டு அறிக்கையையும் படம் எடுத்து 14 வீட்டுக்கும் அனுப்பினேன். நிக்கல் 16 என்பதையும் மறைக்கவில்லை. 11 வீட்டுக்காரர்கள் அடுத்த நாளே பால் கேட்டார்கள். மூன்று வீட்டில் இன்னும் வாங்கவில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அடுத்த வருச அறிக்கையையும் அவர்களுக்கு அனுப்புவேன். மயிலைப் பசு சித்திரையில் கிடேரிக் கன்று போட்டது. வீட்டுக்காரி இப்போது விற்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

உங்கள் கிணற்றில் குளோரைடு எவ்வளவு? இந்த வாரமே பாருங்கள்.